கடலோர மாடிக்கு எந்த நாற்காலி?

சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மொட்டை மாடியில் நாற்காலி போட நினைப்பவர்களுக்கு வெயிலையும் மழையையும்விடப் பெரிய தலைவலி உப்புக் காற்று. கடையில் எல்லாமே பளபளவென்றுதான் நிற்கும். நான் முதலில் பார்ப்பது மூட்டுகளையும் ஸ்க்ரூவையும்தான்.

பவுடர் கோட்டிங் கொடுத்த இரும்பு, கீறல் விழும்வரை அழகு. கால் தரையில் உரசும் இடத்திலும் வெல்டிங் மூலையிலும்தான் பூச்சு முதலில் விடும். அப்புறம் பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். வெளியே சின்னக் கொப்புளம்தான் தெரியும். அப்போதே உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். வருடாவருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த வேலைக்குத் தயார் என்றால் இரும்பு வாங்கலாம். குழாய்க் காலின் ரப்பர் புஷ் கழன்றிருந்தால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் உள்ளிருந்தே அரிக்கும்.

அலுமினியத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன்மேல் தானாக உண்டாகும் ஆக்சைடு படலமே காப்பு. ஆனால் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால், ஸ்க்ரூ துருப்பிடிப்பதோடு அது தொடும் இடத்தில் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவும் நைலான் வாஷரும் கேட்டு வாங்குங்கள்.

முழுக்க எஸ்.எஸ். என்றால் எந்த ரகம், 304-ஆ, 316-ஆ என்று கேளுங்கள். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, உப்பை அதுதான் தாங்கும், விலையும் கூடும். 304-இல் பழுப்புக் கறை படியும், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். 202 வேண்டவே வேண்டாம்.

தேக்கு, வைரம் பாய்ந்ததாக இருந்தால், நரைத்துப் போனாலும் கெடாது. எண்ணெய் பூசுவது நிறத்துக்காகத்தான், ஆயுளுக்காக அல்ல. வெளிறிய வெள்ளைப் பகுதி கலந்த மரம் என்றால் வாங்காதீர்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் வைத்தால் காலின் அடிதான் முதலில் உளுத்துப்போகும்.

பிளாஸ்டிக் மலிவு, கழுவினால் போதும். வெயிலில் கிடந்ததைத் தடவும்போது கையில் வெள்ளையாக ஒட்டினால் அது நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது, விருந்தாளிக்குப் போடாதீர்கள். செயற்கைப் பிரம்பு வாங்கினால் உள்ளே இருப்பது இரும்புச் சட்டமா என்று பார்த்துவிடுங்கள்.

சொந்த வீடென்றால் அலுமினியமே என் தேர்வு. வாடகை வீட்டில் பிளாஸ்டிக் போதும், மதியம் நிழலுக்கு இழுத்துப் போட்டால் சரி.