ஒரே ஷீட்டா, தனித்தனி டேபிளா?

சுகாதாரம் பற்றிப் பரவும் தகவல்களைச் சரிபார்க்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரு எக்செல் ஷீட்டில்தான் வேலையைத் தொடங்குகின்றன. ஒரு கூற்றுக்கு ஒரு வரிசை. யார் சொன்னது, எங்கே பரவியது, ஆதார லிங்க், தீர்ப்பு, அவ்வளவுதான். காலையில் கிளம்பிய வதந்திக்கு மாலைக்குள் பதில் சொல்ல இதைவிட வேகமான வழி கிடையாது. புதிதாக வந்தவருக்குச் சொல்லித்தரவும் வேண்டாம். ஓரிரு நூறு வரிசை வரை நானும் ஷீட்டின் பக்கம்தான்.

ஆதாரம் மாறும் நாளில்தான் ஷீட் கைவிடும். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொடுக்கப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்றது. தரவைத் தந்தது சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம். மூலத் தரவை வெளியார் யாரும் பார்த்துச் சரிபார்க்க முடியாமல் போக, ஜூன் 4 அன்று ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. இடையில் 13 நாள். அதற்குள் ஒரு குழு அந்த ஆய்வை ஏழு தீர்ப்புகளில் ஆதாரமாகக் காட்டியிருந்தால்? ஒரு வரிசையில் டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) இருக்கும், இன்னொன்றில் பிடிஎஃப் லிங்க், மற்றொன்றில் வெறுமனே 'லான்செட் ஆய்வு' என்று இருக்கும். தேடினால் நான்கு சிக்கும். மீதி மூன்றும் தப்பான ஆதாரத்தோடு அப்படியே கிடக்கும். அதைப் படித்து மருந்து பற்றி முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஷீட்டுக்குப் பதில் டேட்டாபேஸ் என்றால், அதில் கூற்று ஒரு டேபிள், ஆதாரம் ஒரு டேபிள், தீர்ப்பு ஒரு டேபிள். எந்தத் தீர்ப்பு எந்த ஆதாரத்தை நம்பியது என்பதை இணைக்க இன்னொன்று. லான்செட் ஆய்வுக்கு இதில் ஒரே வரிசைதான். அங்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று குறித்தால் போதும், ஏழு தீர்ப்புகளும் ஒரே குவெரியில், அதாவது ஒரே தேடல் கட்டளையில், வந்துவிடும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் திரட்டிய, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளின் பட்டியலை, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டிருப்பதால், டிஓஐ எண்ணை வைத்து அவ்வப்போது ஒப்பிட்டும் பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஆதாரம் விழுந்தால் தீர்ப்பு தானாகத் தலைகீழாகிவிடக் கூடாது. அந்த ஆய்வு திரும்பப் பெறப்பட்ட மறுநாளே, மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இந்த மருந்தால் பலனில்லை என்று பிரிட்டனின் ரெகவரி மருந்துப் பரிசோதனைக் குழு அறிவித்தது. அதனால் 'மறுபரிசீலனை' என்ற நிலை அவசியம். முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும்.

தீர்ப்புக்குத் தனி டேபிள் எதற்கு என்று கேட்பார்கள். முகக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்று பரவலாக உள்ள இடங்களில் பொதுமக்கள் துணி முகக்கவசம் அணிய ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று வழிகாட்டுதலை மாற்றியது. ஏப்ரலில் எழுதிய தீர்ப்பு அன்றைய ஆதாரத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். ஷீட்டில் அதே கட்டத்தில் புதியதை எழுதினால் பழையது கண்ணில் படாமல் போகிறது. டேபிளில் தேதியோடு அடுத்த வரிசை சேர்கிறது. என்ன சொன்னோம், எப்போது மாற்றினோம் என்று வாசகருக்குக் காட்ட முடிகிறது.

கிளெய்ம்ரிவ்யூவே போதாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. 2015-இல் வந்த அந்த மார்க்கப் (வலைப்பக்கத்தில் சேர்க்கும் குறியீடு), முடிந்த தீர்ப்பைத் தேடுபொறிகளுக்குப் புரியவைக்கும் வடிவம். சேமிக்கும் இடம் அல்ல. டேபிளிலிருந்து அதை உருவாக்குவது எளிது.

டேட்டாபேஸ் அமைக்க ஆள் வேண்டும், பராமரிக்க நேரம் வேண்டும். இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவுக்கு அது பாரம்தான். அவர்கள் இருக்கும் ஷீட்டிலேயே 'ஆதாரம்' என்று இரண்டாவது டேப் திறக்கட்டும். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஓர் எண். முதல் டேபில் லிங்க்கை ஒட்டாமல் அந்த எண்ணை மட்டும் எழுதட்டும். பிறகு டேட்டாபேஸுக்குப் போகும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.