மலைச்சாலையில் பிஎம்டபிள்யூ இஸட்4

இஸட்4, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரான கூரை திறக்கும் கார் என்பதால், அந்த நாட்டு மலையிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். குரோஸ்குளோக்னர் ஆல்ப்ஸ் சாலை 48 கிலோமீட்டர். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நான் வாடகைக்கு எடுத்தது இஸட்4-இன் எம்40ஐ ரகம்: மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின்.

துணிக்கூரை பத்தே வினாடியில் மடிந்துவிடுகிறது; 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். திறந்த பிறகுதான் எஞ்சினின் குரல் முழுசாகக் கேட்டது. வளைவுக்கு முன் கியர் இறங்கும்போது எழும் உறுமல் பாறையில் மோதித் திரும்பி வருகிறது. அதற்காகவே சில வளைவுகளை மறுபடி ஓட்டினேன்! ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே முன்பக்கம் உள்ளே பாய்கிறது. இருக்கை பின்சக்கரங்களை ஒட்டி இருப்பதால், சாலையின் பிடிமானம் முதுகிலேயே தெரிகிறது. எஞ்சினின் சுழற்று விசை, அதாவது டார்க், 500 நியூட்டன் மீட்டர். செங்குத்தான ஏற்றத்திலும் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே போதும்.

எடெல்வைஸ் சிகரத்துக்கு (2,571 மீட்டர்) ஏறுவது கல் பதித்த கிளைச்சாலை. அங்கே குலுக்கல் தெரிந்தது. மென்மையாக ஓடுவதற்கான கம்ஃபர்ட் மோடுக்கு மாற்றியதும் அடங்கியது. அப்புறம் டிக்கி: 281 லிட்டர், கூரை மடிந்தாலும் குறையாது. எங்கள் இரண்டு பைகளும் குளிர் கோட்டுகளும் தாராளமாக அடங்கின.