உமித்தூள் நிரப்பிய பிளாஸ்டிக்கும் ரப்பரும்: நெடுநாள் புழக்கத்தில் தெரிந்தவை

உமித்தூள் கலந்தால் பாலிபுரப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் செலவு குறையும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கலவையில் செய்த பலகை மழை வெயிலில் எப்படி நிற்கும் என்பது, தூளைக் கழுவி உலர்த்திய விதத்தில்தான் இருக்கிறது.

80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்த தூளை அதன் எடைக்குப் பத்து மடங்கு 5% காஸ்டிக் சோடாக் கரைசலில் 4 மணி நேரம் ஊறவைக்கிறோம். மேல்மெழுகும், உமியின் நாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளில் ஒரு பகுதியும் கரைந்து, தண்ணீர் கருங்காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அடுத்து அலசல். பலரும் அவசரப்படுவது இங்கேதான். கடைசி அலசலில் துளி அசிட்டிக் அமிலம் விட்டு, பி.எச். 7 வரும்வரை அலச வேண்டும். காரம் மிஞ்சினால், இதே தூளை ரப்பரில் கலக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்: வல்கனைசிங் (சூட்டில் ரப்பர் வெந்து இறுகுவது) முந்திக்கொண்டு, அச்சு நிரம்புமுன்பே ரப்பர் கலவை ஸ்கார்ச் ஆகும், அதாவது முன்கூட்டியே இறுகிவிடும். அமிலம் மிஞ்சினாலோ வேகும் நேரம் இழுத்துக்கொண்டே போகும்.

எக்ஸ்ட்ரூடருக்கு (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து பிதுக்கும் இயந்திரத்துக்கு) போகுமுன் 105 டிகிரியில் உலர்த்தி, ஈரத்தை 1 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். உலர்ந்த தூளைத் திறந்து வைத்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடு ஆறுமுன் இயந்திரத்தின் ஹாப்பரில் (சரக்கு போடும் வாயில்) கொட்டுவதே நல்லது. ஈரம் இருந்த துண்டை வெட்டினால் உள்ளே ஊசித்துளைகள் தெரியும்.

பலகைக்கு எடையில் 60 பங்கு பாலிபுரப்பிலீன், 37 பங்கு உமித்தூள், தூளையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்க 3 பங்கு மெலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பாலிபுரப்பிலீன். இந்த 3 பங்கை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் தூளும் பிளாஸ்டிக்கும் ஒட்டாது, அந்த இடுக்குகள் வழியாகவே தண்ணீர் ஏறும். எக்ஸ்ட்ரூடரின் பேரல் (சரக்கு உருகும் உருளை) சூடு 165 முதல் 185 டிகிரி. 200 தாண்டினால் தூள் கருகி, புகைநாற்றம் சரக்கிலேயே தங்கிவிடும்.

புழக்கத்தில் முதலில் போவது நிறம். வெயிலில் உமியிலுள்ள லிக்னின் (நாரைப் பிணைக்கும் பொருள்) சிதைந்து மேற்பரப்பு சாம்பல் பூக்கும்; உறுதி அதோடு போய்விடுவதில்லை. கவலைப்பட வேண்டியது அறுத்த முனைகளும் திருகுத் துளைகளும். தோல் போன்ற பிளாஸ்டிக் படலம் அங்கே இல்லாததால் உப்பல் அங்கிருந்தே தொடங்குகிறது. வெட்டியவுடன் முனையை அடைத்துவிட வேண்டும். விறைப்பு கூடியிருந்தாலும் அடிதாங்கும் திறன் குறைவு, ஆகவே திருகாணி போடுமுன்பே துளையிடாவிட்டால் பலகை விரிசல் விடும்.

ரப்பர் விரிப்புக்கு 100 பங்கு இயற்கை ரப்பருக்கு 20 பங்கு தூள் போதும். அதற்கு மேல் கடினம் கூடும், கிழிதிறன் விழும்.

இயந்திரத்துக்கும் ஒரு செலவு உண்டு: உமியில் உள்ள சிலிக்கா (மணலில் உள்ள கடினப் பொருள்) எக்ஸ்ட்ரூடருக்குள் சுழலும் திருகையும் பேரலையும் தேய்த்துவிடும். மேற்பரப்பை நைட்ரஜனால் கடினமாக்கிய சாதாரண நைட்ரைடு திருகு இந்த வேலைக்குத் தாக்குப்பிடிக்காது, தேயாத வேறொரு உலோகக்கலவைப் படலம் போர்த்திய பைமெட்டாலிக்தான் சரி. ஊறவைத்த கரைசலை நடுநிலையாக்காமல் வாய்க்காலில் விடவே கூடாது.