வால்வு கிட்டார் ஆம்ப் பழுது: மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா, தட்டிப் பார்ப்பதா?

வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி) மக்கர் பண்ணினால் முதலில் காதில் விழும் யோசனை "வால்வை மாத்திப் பாரு" என்பதுதான். இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன: மீட்டர் வைத்து வோல்டேஜ் அளப்பது, சிக்னலைப் பின்தொடர்வது, மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது. எந்தக் கோளாறுக்கு எது கைகொடுக்கும், எது காலை வாரிவிடும் என்று பார்க்கலாம். என் கட்சி மீட்டர்தான். ஆனால் அது மட்டும் போதாத இடங்களும் உண்டு.

இந்த ஆம்புக்குள் 300 முதல் 500 வோல்ட் டிசி ஓடுவது சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேட் செய்த வயரில் கட்டி, கெப்பாசிட்டரின் பாசிட்டிவிலிருந்து சேஸிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டகம்) வடியவிடுங்கள். மீட்டர் சில வோல்ட்தான் காட்டுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஓடும்போது அளப்பதானால் மீட்டரின் கறுப்பு முனையை சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரே கையால் வேலை செய்ய வேண்டும். ஸ்பீக்கரோ லோடோ இல்லாமல் ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் சேஸிஸைத் திறக்காமல் செய்யக்கூடியதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

திறக்காமல் செய்யக்கூடியதில் முதலாவது வால்வே இல்லை. ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் பெட்டிகளை இணைக்கும் ஜாக்குகள்) இருந்தால், சென்ட் ஜாக்கையும் ரிட்டர்ன் ஜாக்கையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் குறைந்து, விட்டுவிட்டு வரும் ஆம்ப் பல இதிலேயே உயிர் பெற்றுவிடும். ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சுவிட்ச் தொடர்பில் அழுக்கு ஏறியிருக்கும், அவ்வளவுதான். இதைப் பார்க்காமலே வால்வு வாங்க ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, வால்வு மாற்றும் வழி. பிரீஆம்ப் பக்கத்தில், அதாவது சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியில், இது நல்ல வழி. கரகரப்பு, இரைச்சல், நோட்டோடு சேர்ந்து மணி மாதிரி கணீரென்று ஒலிப்பது எல்லாம் 12ஏஎக்ஸ்7 என்ற பிரீஆம்ப் வால்வின் வழக்கமான வியாதிகள். இன்புட் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, கோளாறு அந்த வால்விலோ அதைச் சுற்றியுள்ள பாகங்களிலோதான். நல்ல வால்வு ஒன்றைப் போட்டும் சத்தம் தொடர்ந்தால் வால்வு குற்றவாளி இல்லை. பெரும்பாலும் வால்வின் பிளேட் என்ற மின்முனைக்கு சப்ளை கொண்டுவரும் பிளேட் ரெசிஸ்டராக இருக்கும்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வில் கதை வேறு. இஎல்34 போன்ற பவர் வால்வு ஒன்று பிளேட் சிவந்து எரிந்து போனால், உடனே புது ஜோடியைப் போட்டு ஆன் செய்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். வால்வு தானாகவும் சாகலாம். ஆனால் பயாஸ் (வால்வின் கரண்ட்டை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) வராததாலோ கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய ஸ்டேஜின் டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது) லீக் ஆவதாலோ செத்திருந்தால், புதியதும் சில நிமிடங்களில் அதே வழியில் போகும். இங்கே மீட்டரை எடுக்க வேண்டும்.

ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப், அதாவது பயாஸுக்குத் தனி மைனஸ் சப்ளை உள்ள ஆம்ப், என்று வைத்துக்கொள்வோம். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து, இரண்டு சாக்கெட்டிலும் 5-வது பின்னில் அளக்கவும். இஎல்34, 6எல்6 என்ற இரண்டு பவர் வால்வுக்கும் பயாஸும் சிக்னலும் வரும் கன்ட்ரோல் கிரிட் அதுதான். ஒன்றில் மைனஸ் 36 வோல்ட், மற்றதில் மைனஸ் 12 என்று வந்தால், பிளேட் சிவந்தது இந்த இரண்டாவது சாக்கெட்டில் இருந்த வால்வாகத்தான் இருக்கும். ஆஃப் செய்து, வடியவிட்டு, அந்தப் பின்னுக்கு வரும் கப்ளிங் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மைனஸ் 36-க்குத் திரும்பிவிட்டால் கெப்பாசிட்டர்தான் முந்தைய ஸ்டேஜின் பாசிட்டிவ் வோல்டேஜைக் கசியவிட்டிருக்கிறது. திரும்பவில்லை என்றால் பயாஸ் வரும் பாதையில் உள்ள ரெசிஸ்டரையோ சாக்கெட்டையோ பார்க்க வேண்டும். எத்தனை ஜோடி வால்வு மாற்றினாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

பிரீஆம்பிலும் அப்படித்தான். 300 வோல்ட் சப்ளை, 100கே (கிலோ ஓம்) பிளேட் ரெசிஸ்டர், கேதோடு என்ற மறுமுனையில் 1.5கே ரெசிஸ்டர் இருக்கும் ஸ்டேஜில் பிளேட்டில் 200, கேதோடில் 1.5 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர் ஓடுகிறது, நலமாக இருக்கிறது. பிளேட்டிலும் முழு 300, கேதோடில் பூஜ்யம் என்றால் கரண்ட்டே ஓடவில்லை: வால்வு செத்திருக்கலாம், ஹீட்டர் எரியாமல் இருக்கலாம். பிளேட்டில் முழு வோல்டேஜ் இருந்து கேதோடும் வழக்கத்தைவிட எகிறி நின்றால் கேதோடு ரெசிஸ்டர் உள்ளே அறுந்துவிட்டது. பிளேட்டில் ஒன்றுமே இல்லை, சப்ளை மட்டும் இருக்கிறது என்றால் பிளேட் ரெசிஸ்டர் போயிருக்கிறது. இரண்டே அளவுகளில் இவ்வளவு தெரிகிறது, அதனால்தான் என் ஓட்டு மீட்டருக்கு. பழைய ஃபெண்டர் ஆம்புகளின் கறுப்பு ஃபைபர் போர்டு ஈரம் உறிஞ்சி கடத்த ஆரம்பித்துவிடும். பாகமே இல்லாத வெறும் போர்டில் முனையை வைத்தால் வோல்டேஜ் காட்டும். அதையும் மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

மீட்டர் தோற்கும் இடங்களும் உண்டு. டிசி அளவு எல்லாம் சரி, ஆனால் சத்தம் இல்லை அல்லது நசுங்கி வருகிறது என்றால் சிக்னலைத்தான் பின்தொடர வேண்டும். இன்புட்டில் ஒரு சைன் அலை கொடுத்து, ஸ்டேஜ் ஸ்டேஜாக ஆசிலோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே போகலாம். ஸ்கோப் இல்லாதவர்கள், உயர் வோல்டேஜ் தாங்கும் ஒரு சிறு கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து, வேறொரு சின்ன ஆம்பில் கேட்டுக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கெப்பாசிட்டராக மாற்றிப் பார்ப்பதைவிட இது வேகம். ஸ்கோப்புக்கே உரிய வேலை ஒன்று இருக்கிறது: காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அலை எழுப்பிக்கொண்டிருப்பது (ஆசிலேஷன்). வால்வு காரணமில்லாமல் சூடாகும், மீட்டர் குழப்பும், ஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை மட்டும் முதலில் பாருங்கள். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் சாதாரண 10 மடங்கு புரோப்பை அவுட்புட் வால்வின் பிளேட்டில் வைப்பது ஆபத்து.

குச்சி வைத்தியம் இத்தனைக்கும் பக்கத்தில் எளிமையானது. காய்ந்த மரக்குச்சியால் ஓடும் ஆம்பின் சால்டர் மூட்டுகளையும் சாக்கெட்டுகளையும் மெல்லத் தட்டுவதுதான். சூடேறியபின் கட் ஆவது, தட்டினால் சரியாவது போன்ற விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் மீட்டரைவிட இதைத்தான் நம்புவேன். சரியாக ஒட்டாத சால்டர் மூட்டும் (டிரை சால்டர்) தளர்ந்த சாக்கெட் பின்னும் சும்மா நிற்கும்போது ஒழுங்காகவே அளவு காட்டும். ஆனால் எங்கே தட்டினாலும் சத்தம் வந்தால் குழம்பாதீர்கள். வால்வு ஒன்று அதிர்வை வாங்குகிறது என்று அர்த்தம், முதலில் அதை மாற்றுங்கள்.

பியூஸ் எரிந்துகொண்டே இருக்கும் ஆம்ப் தனி ஜாதி. அதைத் திறந்து வைத்து மறுபடி ஆன் செய்ய சீரிஸ் பல்பு நல்லதா, வேரியாக் (மெயின்ஸ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) நல்லதா என்ற சண்டை எப்போதும் உண்டு. நான் பல்பின் பக்கம். 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பை ஆம்போடு தொடராக வைத்தால் போதும், எல்இடி உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து கரண்ட்டை அதுவே அடக்கிவிடும். வேரியாக் வோல்டேஜைக் குறைக்கும், கரண்ட்டைத் தடுக்காது. மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்துவதும் இல்லை. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வாகவே இருக்கும் ஆம்பில் மெல்ல மெல்ல ஏற்றுவதும் வீண், ஹீட்டர் சூடேறும் வரை உள்ளே உயர் வோல்டேஜே வராது. அம்மீட்டர் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு வேரியாக் நல்ல துணைதான். பல்பு இருக்கும்போது எடுக்கும் வோல்டேஜ் அளவுகள் குறைவாகத்தான் வரும், அவற்றை இறுதி அளவாக எடுக்க வேண்டாம்.

பல்பு பிரகாசமாக எரிகிறதா? பவர் வால்வுகளைக் கழற்றுங்கள். மங்கினால் அந்த வால்வுகளோ அவற்றின் பயாஸோதான். அப்போதும் எரிந்தால் ரெக்டிஃபையர் வால்வையும் கழற்றுங்கள். இப்போது மங்கினால் ரெக்டிஃபையரிலோ, ஃபில்டர் கெப்பாசிட்டரிலோ, சேஸிஸுக்கு ஷார்ட் ஆன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலோ தேடுங்கள். அதையும் கழற்றிய பிறகும் பல்பு அடங்கவில்லை என்றால் ஹீட்டர் வயரிங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் பிரித்தும் பல்பு எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரேதான்.