மேயருக்கு நாம் ஓட்டுப் போடுவதா, கவுன்சிலர்கள் போடுவதா? கோவையிலிருந்து ஓர் அலசல்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் போன மாதம் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. மாநகராட்சி மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் மனு. இரண்டு நாள் கையில் வைத்திருந்து, யோசித்து, கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன் என்று பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டார், தம்பியும் கேட்டான். இருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் கோவையில் இரண்டு முறைகளிலும் ஓட்டுப் போட்டவன். 2011-இல் மேயருக்கு ஒன்று, வார்டு கவுன்சிலருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. 2014-இல் மேயர் பதவிக்கு மட்டும் இடைத்தேர்தல் வந்தது, அதிலும் போட்டேன். 2022 பிப்ரவரி 19 அன்று ஒரே ஒரு ஓட்டுதான். அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கவுன்சிலருக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, நகராமல் நின்று, "ஏனுங்க, மேயருக்கு எந்தப் பொட்டிங்க?" என்று கேட்டார். "இந்தத் தடவை ஒரு ஓட்டுதானுங்கம்மா. மேயரைக் கவுன்சிலருங்களே எடுத்துக்குவாங்க" என்றார் வாக்குச்சாவடி அலுவலர். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டார். விரலில் வைத்த மையைப் பார்த்துக்கொண்டே வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல், அதாவது நாம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பது. இடையில் 2016-இல் மறைமுகம், 2018-இல் நேரடி, 2019-இல் திரும்பவும் மறைமுகம் என்று சட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. மாற்றியதில் இரண்டு பெரிய கட்சிகளுக்குமே பங்கு உண்டு. ஆகவே இதைக் கட்சிச் சண்டையாகப் பார்க்க வேண்டியதில்லை.

அதிகாரத்தைப் பொறுத்தவரை இரண்டு முறைக்கும் வித்தியாசம் கிடையாது. எப்படி வந்தாலும் நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் மாநகராட்சி கமிஷனர் கையில்தான். மேயர் மாமன்றத்தை, அதாவது கவுன்சிலர்கள் கூடும் அவையை, நடத்துவார், தீர்மானங்களுக்குத் தலைமை தாங்குவார். நேரடியாக ஜெயித்த மேயர் கூடுதலாக எதுவும் செய்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செலவில் மறைமுக முறைக்குத்தான் மதிப்பெண். கோவை மாநகராட்சியில் இப்போது 100 வார்டுகள், 257 சதுர கிலோமீட்டர், 2022 தேர்தலின்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டுமென்றால் சாதாரண ஆளால் ஆகாது. ஒரே ஒரு வார்டில் ஜெயித்தவர் மேயராக முடிகிறது என்பது பெரிய விஷயம். 19-ஆவது வார்டில் ஜெயித்த கல்பனா ஆனந்தகுமார் 2022 மார்ச்சில் கோவையின் முதல் பெண் மேயரானார். சென்னையில் 74-ஆவது வார்டில் ஜெயித்த ஆர். பிரியா 28 வயதில் மேயரானார், அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர். இட ஒதுக்கீடு இருந்ததால் நேரடித் தேர்தலிலும் பெண்கள்தான் நின்றிருப்பார்கள். ஆனாலும் பணமும் பெரிய பெயரும் இல்லாத ஒருவர் மேலே வர மறைமுக முறை வழிவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் ஏன் நேரடித் தேர்தலுக்குக் கையெழுத்துப் போட்டேன்? என் கணக்கில் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம். பதவிக்காலத்தின் நடுவில் நாற்காலி காலியானால் யாரைக் கேட்கிறார்கள் என்பது.

எங்கள் ஊரிலேயே இது பத்து வருட இடைவெளியில் இரண்டு முறை நடந்துவிட்டது. 2011-இல் நேரடித் தேர்தலில் ஜெயித்த செ.ம. வேலுசாமி 2014-இல் பதவி விலகினார். உடனே ஊர் முழுக்க இடைத்தேர்தல். 2014 செப்டம்பரில் நான் மறுபடி வரிசையில் நின்றேன். அ.தி.மு.க. சார்பில் கணபதி ப. ராஜ்குமார் நின்றார். பா.ஜ.க. எதிர்த்து நின்றது, மார்க்சிஸ்ட் கட்சியும் நின்றது. தி.மு.க. புறக்கணித்தது. ராஜ்குமார் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். முடிவு எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான். இருந்தாலும் வீடு தேடி வந்து ஓட்டுக் கேட்டார்கள். எங்கள் தெரு முனையில் வேன் நின்றபோது சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் ஓடுவதைக் காட்டி நாலு பேர் கேள்வி கேட்டோம். குறித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது 2024. கல்பனா ஆனந்தகுமார் ஜூலை 3-ஆம் தேதி பதவி விலகினார். அப்போது மாமன்றத்தில் 100 பேரில் 96 பேர் அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் கூட்டணி, அ.தி.மு.க.வுக்கு மூன்றே பேர். ஆகஸ்ட் 6 அன்று 29-ஆவது வார்டு கவுன்சிலர் ரங்கநாயகி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் நல்லவரா, திறமையானவரா என்பதல்ல என் கேள்வி. அந்த ஒரு மாதத்தில் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. 15 லட்சம் வாக்காளர்கள் உள்ள ஊரின் முதல் குடிமகள் யார் என்பதை நாங்கள் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பழைய மேயர் ஏன் போனார் என்பதையும் யாரும் வந்து எங்களிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். ஓட்டு கேட்க வருகிறவர், போனவர் ஏன் போனார் என்ற கேள்விக்கும் தெருவில் நின்று பதில் சொல்லியாக வேண்டும். கவுன்சிலர்களுக்குள் முடித்துக்கொண்டால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

நெல்லையின் கதை என் வாதத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. அதை மறைத்தால் நியாயமில்லை. 2011-இல் அங்கே நேரடியாக ஜெயித்த விஜிலா சத்தியானந்த் 2014-இல் மாநிலங்களவைக்குப் போனார். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் அறிவித்தார்கள். ஆனால் பா.ஜ.க. வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுவிட, அ.தி.மு.க.வின் புவனேஸ்வரி போட்டியின்றி ஜெயித்துவிட்டார். நேரடி முறை என்றுதான் பெயர், ஊரில் ஒருவருக்கும் ஓட்டுப் போடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதே நெல்லையில் 2024-இல் மறைமுகத் தேர்தலில் நிஜமான போட்டி நடந்தது. தி.மு.க. மேயர் பி.எம். சரவணன் மீது சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் யாரும் வராததால் அது தோற்றது. கோவை மேயர் விலகிய அதே ஜூலை 3-இல் அவரும் விலகினார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில் கட்சி அறிவித்த ராமகிருஷ்ணனுக்கு 30 ஓட்டு, அதே கட்சியிலிருந்து எதிர்த்து நின்றவருக்கு 23 ஓட்டு. 55 பேர் கொண்ட மாமன்றத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆக, முறை மட்டும் போட்டியை உருவாக்கிவிடாது என்பது உண்மை. ஆனால் நெல்லையில் அந்த 23 ஓட்டு எதற்காக விழுந்தது? ஊர்ப் பிரச்சினைக்காகவா, கட்சிக்குள் இருக்கும் கோபத்துக்காகவா? வெளியே இருக்கும் வாக்காளருக்கு அது புலப்பட வழியில்லை. 2014-இல் நெல்லையில் நடந்ததற்கு மனுவை வாபஸ் வாங்கிய வேட்பாளரைக் குறை சொல்லலாம், களத்தை விட்டு ஒதுங்கிய கட்சிகளைக் குறை சொல்லலாம். மக்களைக் கேட்கும் ஏற்பாட்டை அதற்காக எடுத்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நேரடியாக ஜெயித்த மேயருக்கு ஊர் முழுக்க ஒரு முகம் கிடைக்கிறது. 2001-இல் கோவை மேயரான தா. மலரவன் 2006-இல் கோவை மேற்கிலும் 2011-இல் கோவை வடக்கிலும் எம்.எல்.ஏ. ஆனார். கணபதி ராஜ்குமார் 2016 வரை மேயராக இருந்தார், பிறகு தி.மு.க.வுக்கு வந்தார், 2024 மக்களவைத் தேர்தலில் அந்தக் கட்சிக்காகவே கோவையில் நின்று அண்ணாமலையை ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். கூட்டணி பலம்தான் முக்கியக் காரணம் என்பேன். கோவை மக்களவைத் தொகுதியும் மாநகராட்சி எல்லையும் ஒன்றல்ல, குறிச்சி, குனியமுத்தூர் பக்கமெல்லாம் பொள்ளாச்சித் தொகுதியில் வருகிறது. ஆனாலும் எங்கள் தெருவில் "மேயரா இருந்தாரே, அவரு" என்று சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டினார்கள். எந்தக் கட்சியில் இருந்தபோது மேயர் என்பதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை நேரடி முறையின் பலவீனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மக்கள் கொடுத்த பெயரைக் கட்சி மாறி எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் திரும்ப மக்களிடம்தான் வந்து நின்றார். கட்சி மாறியது சரியா தவறா என்று சொல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது.

சென்னையில் ஒரே மனிதரிடம் இரண்டு முறையையும் பார்க்கலாம். தி.மு.க.வின் மா. சுப்பிரமணியன் 2006-இல் கவுன்சிலர்களால் மேயரானார். ஐந்து வருடம் முடிந்து 2011-இல் நேரடித் தேர்தலில் நின்றபோது அ.தி.மு.க.வின் சைதை துரைசாமியிடம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்த வருடம் வீசிய அலையில் யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர் அதோடு ஒதுங்கவில்லை. 2016-இல் சைதாப்பேட்டையில் நின்று எம்.எல்.ஏ. ஆனார். 2021-இல் அதே தொகுதியில் அதே துரைசாமி எதிரே நின்றார், இந்த முறை சுப்பிரமணியன் ஜெயித்து அமைச்சரும் ஆனார். பத்து வருடத்தில் இரண்டு பேரையும் மக்கள் நேருக்கு நேராக இரண்டு முறை எடை போட்டிருக்கிறார்கள். உள்ளூர் அரசியலில் இருக்கும் ஒருவருக்கு இதைவிடச் சரியான கணக்கு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

என் அனுபவத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மேயர் ஒரு கட்சி, மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்ற நிலைமையை நான் கோவையில் வாழ்ந்து பார்த்ததில்லை. அப்படி வந்தால் தீர்மானங்கள் எல்லாம் தேங்கி நிற்கும் என்ற பயத்தில் நியாயம் இருக்கலாம். மறைமுக முறையின் ஆதரவாளர்கள் முதலில் சொல்லும் காரணமே அதுதான். 2006-இல் நான் வேலைக்காக வெளியூரில் இருந்ததால், காங்கிரஸைச் சேர்ந்த வெங்கடாசலத்தைக் கவுன்சிலர்கள் மேயராக்கிய அந்தக் காலத்தையும் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. மறைமுக முறை பற்றிய என் கருத்து முழுக்க 2022-க்குப் பிந்தையது.

இரண்டு முறையையும்விட மோசமானது எது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மாமன்றம் 2022 மார்ச்சில்தான் வந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாக மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். 24 மணி நேரக் குடிநீருக்காக சூயஸ் நிறுவனத்துடன் 2018-இல் ஒப்பந்தம் போட்டபோது, அதைப் பற்றிக் கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள்கூட மாமன்றம் கூடும் டவுன்ஹால் விக்டோரியா கட்டடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

அதனால் மனுவில் கையெழுத்துப் போடும்போது சங்கச் செயலாளரிடம் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன். நேரடியோ மறைமுகமோ, இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு முடியும் 2027 மார்ச்சுக்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்ற வரி. செயலாளர் அதை இரண்டாவது கோரிக்கையாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.