தானாக விலகுவதா, ஆட்குறைப்பு வரும்வரை இருப்பதா: அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கான கணக்கு

அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்று ஆளைக் குறைக்க முடிவெடுத்தால், ஊழியர் விலகல் ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு தானாகக் கிளம்பலாம். இல்லையென்றால் 'ரிஃப்' எனப்படும் ஆட்குறைப்பு வரும்வரை வேலையில் இருக்கலாம். எப்படியும் போகப்போகிறோம், காசோடு போவோமே என்று தோன்றும். ஓய்வூதியத் தகுதி இன்னும் வராதவர் அப்படிக் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் நஷ்டம்தான்.

பெரும்பாலான துறைகளில் ஊக்கத்தொகையின் உச்சம் 25,000 டாலர். அதில் வரியும் போகும். ரிஃபில் வேலை போனால் வரும் இழப்பீடு கணக்குப்படி இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான் ஊக்கத்தொகையாகவும் வரும். ஆக, ஓய்வூதியத் தகுதி இல்லாதவருக்கு இழப்பீட்டை அது தாண்டவே தாண்டாது.

46 வயது, 18 வருட சர்வீஸ், வாரம் 1,500 டாலர் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடாக முதல் 10 வருடத்துக்கு வருடம் ஒரு வாரச் சம்பளம், மீதி 8 வருடத்துக்கு இரண்டிரண்டு வாரம்: மொத்தம் 26 வாரம். 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 2.5 சதவீதம் கூடும். 6 வருடத்துக்கு அது 60 சதவீதம். 41.6 வாரம், அதாவது 62,400 டாலர். (உச்சவரம்பு 52 வாரம்.) 25,000 எங்கே, இது எங்கே!

ஆனால் இழப்பீடு மொத்தமாக வராது, சம்பளம் போலத் தவணையில் வரும். துறை தரும் நியாயமான மாற்று வேலையை மறுத்தால் அதுவும் கிடையாது. ஊக்கத்தொகையிலும் ஒரு கொக்கி உண்டு: 5 வருடத்துக்குள் மத்திய அரசு வேலைக்குத் திரும்பினால், வரிக்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

50 வயதோடு 20 வருட சர்வீஸ், அல்லது எந்த வயதானாலும் 25 வருட சர்வீஸ் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். துறைக்கு முன்கூட்டிய ஓய்வு அனுமதி இருந்தால் இவர்கள் அதில் போகலாம். ரிஃபில் போனாலும் உடனடி ஓய்வூதியம் உண்டு, அதனாலேயே இழப்பீடு கிடையாது. இவர்கள் ஊக்கத்தொகையை விடக்கூடாது.

புதிதாகச் சேர்ந்தவர் நிலை வேறு. இரண்டு வருட சர்வீஸுக்கு இழப்பீடு வெறும் இரண்டு வாரம்தான், வயதுக்கான கூடுதல் தனி. 2025 ஜனவரி 28 அன்று வந்த ஒத்திவைத்த ராஜினாமா திட்டம், விலக ஒப்புக்கொண்டவருக்கு அந்த வருடம் செப்டம்பர் 30 வரை சம்பளம் தருவதாகச் சொன்னது. பண அளவில் இவர்களுக்கு அப்போது அதுவே மேலாக இருந்தது.

வேலையை விட மனமில்லாதவருக்கு ரிஃபில் சில பாதுகாப்புகள் உண்டு. பொதுவாக 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நியமன வகை, முன்னாள் ராணுவத்தினர் முன்னுரிமை, சர்வீஸ், செயல்திறன் மதிப்பீடு ஆகியவற்றை வைத்து வரிசை போடுவார்கள். அதில் மேலே இருப்பவர், கீழே இருப்பவரின் பணியிடத்துக்கு நகர வாய்ப்புண்டு. தானாக விலகியவருக்கு இந்த உரிமை எதுவும் இல்லை. அதனால் சர்வீஸ் தேதியும் மதிப்பீடுகளும் கோப்பில் சரியாக இருக்கின்றனவா என்று நோட்டீஸ் வருவதற்கு முன்பே மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.