மலம் அடக்க முடியாம போனப்போ எடுத்த பயோஃபீட்பேக் தெரபி, என் ரிவ்யூ

வெளிய கிளம்பணும்னாலே பாத்ரூம் எங்கன்னு தேடுற நிலைமைல தான் இந்த பிசியோதெரபி சென்டருக்குப் போனேன், கூச்சத்துல 2 வருஷம் யார்கிட்டயும் வாயே திறக்கல. பெரியவங்கள்ல 100 பேர்ல கிட்டத்தட்ட 8 பேருக்கு இது இருக்கு, ஆம்பளைங்களுக்கும் தான்னு அங்க சொன்னப்பவே பாதி பாரம் இறங்கிடுச்சு. எனக்கு ஆயுதம் போட்டு பிரசவம் பாத்தப்போ ஆசனவாய் தசை கிழிஞ்சது தான் காரணம், அது பல வருஷம் கழிச்சும் வெளிய தெரியலாமாம். சுகர்ல நரம்பு கெட்டாலும் வரும், பக்கவாதம், மூல ஆபரேஷன்னு இன்னும் இருக்கு. நான் எதிர்பாக்காதது மலச்சிக்கல் தாங்க, கெட்டியா அடைச்சுக்கிட்டா அதைச் சுத்தி தண்ணியா கசியும், அத பேதின்னு நெனச்சு மாத்திரை போட்டா இன்னும் அடைச்சுக்கும்.

தெரபில சின்னதா ஒரு சென்சார ஆசனவாய்க்குள்ள வெப்பாங்க, அந்த தசைய இறுக்குனா ஸ்க்ரீன்ல கோடு மேல ஏறும். முதல் நாள் 2 செகண்ட்ல விழுந்த கோடு 8வது தடவை 10 செகண்ட் நின்னுச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. வலி இல்ல. குறைன்னா ரூமுக்கு கதவு கிடையாது, வெறும் திரைச்சீலை, இந்தப் பிரச்சனைக்கு வர்றவங்களுக்கு அது கொடுமை. காத்து இன்னும் முழுசா கட்டுப்படல, ஆனா பேட் போடாம தூங்குறேன்.